ஒரு வோட்டில் உயிரோடிருப்பவள்

எலெக்‌ஷன் ரிசல்ட் வந்துகொண்டிருந்த அந்த வாரம் எனக்கு நாற்காலி தூக்கும் வேலை.

மாம்பலத்தில் புதிதாக எழும்பும் வீடுகளுக்குச் செங்கல் சுமப்பவன் நான். சிமெண்டு கிடைக்காமல் வேலை நின்றிருந்தது. மயிலாப்பூரில் பழைய கட்சி ஆபீசில் ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார்கள், போனேன். பழைய கட்சிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு காலத்தில் விசாகப்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி வரை அவர்கள் ராஜ்யம்தானாம். இப்போது வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற நேரம். இந்த எலெக்‌ஷனில் ஜெயிக்கிறவர்கள்தான் டில்லியில் சட்டம் எழுதப்போகும் சபைக்கு ஆள் பொறுக்குவார்கள் என்று பேச்சு. அதனால் எல்லாக் கட்சிக்கும் தூக்கம் இல்லை.

கட்சி ஆபீஸ் கூடத்தில் செத்துப்போன தலைவர்களின் படங்கள் சுற்றிலும் மாட்டியிருந்தன. நடுவில் ஜில்லாவுக்கு ஜில்லா நாற்காலி. ஜெயித்தவர்கள் அதில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்வது அந்தக் கட்சியில் வழக்கம். தோற்றதாகத் தந்தி வந்தால் அந்த ஜில்லாவின் நாற்காலியை எடுத்துக் கொல்லைத் தாழ்வாரத்தில் போடவேண்டும். அதற்குத்தான் நான்.

முதலில் தஞ்சாவூர் போயிற்று. கட்சித் தலைவர் திவான் பகதூர் லியோனார்ட் எழுந்து நின்றார். தஞ்சாவூரை நாம் இழக்கவில்லை, தஞ்சாவூர்தான் நம்மை இழந்தது, அதற்கு நம் அனுதாபம் என்றார். எல்லாரும் எழுந்து தஞ்சாவூருக்காக அனுதாபப்பட்டார்கள். நான் நாற்காலியைத் தூக்கினேன். பிறகு மதுரை போயிற்று. மதுரைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்றார். கோதாவரிப் பக்கம் முழுக்கப் போயிற்று. நம் கொள்கை தெலுங்கில் நன்றாக இருக்காது என்று தமக்கு முன்பே தெரியும் என்றார். மலபாருக்கு மழையைக் காரணம் சொன்னார். அது மழைக்காலம் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

நாற்காலி போன ஒவ்வொருவரும் ஒன்றுக்குப் போவதுபோலக் கொல்லைப் பக்கம் போவார்கள். அங்கே ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் வழியாக அடுத்த தெருவுக்கு, புதுக் கட்சி ஆபீசுக்குப் போய்விடலாம். நான் தாழ்வாரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். சிலர் என்னிடம், உள்ளே கேட்டால் வயிறு சரியில்லை என்று சொல் என்றார்கள்.

கடைசியில் கூடத்தில் சுவரெல்லாம் செத்தவர்கள், நடுவில் ஒரே நாற்காலி, பக்கத்தில் லியோனார்ட். அவருக்கு எதிரில் பேச்சைக் கேட்க நான் மட்டும். காற்றடித்து ஒரு படம் சுவரில் தட்டியது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, ஆட்சேபம் வந்ததுபோல, "இருங்கள், சொல்கிறேன்" என்றார்.

அப்போதுதான் எங்கள் தொகுதியின் ரிசல்ட் வந்தது. கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்கிய தனித் தொகுதி. அதில் நின்றவர் லியோனார்டே. புதுக் கட்சியில் வக்கீல் வால்டர் நின்றார். லியோனார்டுக்குச் சிவப்புப் பெட்டி, வால்டருக்கு நீலப் பெட்டி. சிவப்புப் பெட்டி ஒரே வோட்டில் ஜெயித்திருந்தது.

லியோனார்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாகாணம் பேசிவிட்டது" என்றார்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். ஈஸ்டர் கழிந்ததும் எனக்குக் கல்யாணம் இருந்தது.

எனக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் பெண்டாட்டி ஃப்ளோரா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணம் ஆகி வெகுநாள் கழித்து, ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வோட்டு உண்டு என்று சட்டம் வந்தபோது எங்கள் சந்தில் முதலில் அவள் பெயரும், பிறகு என் பெயரும் ஏறின.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி ஆன வருஷம், சந்துப் பெண்களோடு அவளையும் செங்கல்பட்டுப் பக்கம் ரயிலேற்றிவிட்டேன். நான் பதுங்குகுழி வெட்டும் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு சத்திரத்தில் காலரா. சேதி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். வெட்டியான் வரிசையாக மண்மேடுகளைக் காட்டி, இதில் ஒன்று என்றான். எது என்று அவனுக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். செத்ததற்குப் பேப்பர் எதுவும் கிடையாது.

நோராவுக்குப் பேப்பர் இருந்தது. அவள் புருஷன் காசநோயில் ஆஸ்பத்திரியில் போனவன். அடுத்த சந்துக்காரி, அடையாறில் ஒரு பங்களாவில் சமைக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. மற்றபடி எல்லாம் தெரியும். ஃப்ளோரா செத்தது நிஜம் என்று நான் சத்தியம் செய்து, சந்தில் நாலு பேர் சாட்சி சொன்ன பிறகு சாமியார் கல்யாண ஓலை வாசிக்க ஒப்புக்கொண்டார். மூன்று ஞாயிறு கோயிலில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லவேண்டும். இரண்டு ஓலை ஆயிற்று. அப்புறம் வோட்டு நாள் வந்தது, ரிசல்ட் வந்தது, மூன்றாம் ஞாயிறு வந்தது.

சாமியார் வாசித்தார். "காலஞ்சென்ற ஃப்ளோராவின் கணவர் ஆம்ப்ரோஸ்..."

பெண்கள் பக்கத்திலிருந்து ஐரின் டீச்சர் எழுந்து நின்றார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா, பழைய கட்சி மாதர் பிரிவுக் காரியதரிசி. வோட்டு நாளில் ஜட்கா வைத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போனவர் அவர்தான்.

"மன்னிக்கணும் ஃபாதர். காலஞ்சென்ற என்ற வார்த்தையை எங்கள் கட்சி ஆட்சேபிக்கிறது. அந்த அம்மாள் வந்து வோட்டுப் போட்டாங்க."

முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வக்கீல் வால்டர் மெல்லத் திரும்பினார். ஒரே வோட்டில் தோற்றவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. செத்தவள் பெயரில் போட்டதென்றால் அந்த ஒரு வோட்டுச் செல்லாது.

பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டார். உன் வார்த்தையை நம்புகிறேன், ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர் அவள் வந்தாள் என்று எழுதி வைத்திருக்கிறார், உயிரோடு பெண்டாட்டி இருக்கிறவனுக்கு நான் எப்படித் தாலி எடுத்துக் கொடுப்பது, முதலில் அவளைச் சாகச்செய்துவிட்டு வா என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒருமாதிரி ஆகி, சட்டப்படி என்று சேர்த்துக்கொண்டார்.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஃப்ளோரா செத்துப்போனாள் என்று யாராவது ஒப்புக்கொள்ளவேண்டும்.

வால்டர் உடனே ஒப்புக்கொண்டார். லஸ் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்கு என்னை வரவழைத்து, எனக்காக அழாத குறையாகப் பேசினார். ஒரு புனித ஆத்மாவை வோட்டுக்காக எழுப்பிவிட்டார்களே என்றார். நான், எங்கள் சந்தில் இன்னும் சில செத்துப்போனவர்கள் பெயரிலும் வோட்டு விழுந்திருக்கிறது, அவர்களையும் எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் குமாஸ்தா இருமினான். வால்டர் என்னை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அவர்கள் நம்மவர்கள். அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்" என்றார்.

லியோனார்டிடமும் போனேன். நாற்காலி தூக்கிய உரிமையில் போனேன். கூடத்தில் அதே ஒற்றை நாற்காலி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நான் ஒருவன்தான் இருந்தேன் என்றாலும், கூட்டத்துக்குப் பேசுவதுபோலக் குரலை உயர்த்தினார்.

"ஒரு பெண்மணி நாலு வருஷமாக இறந்திருக்கிறார் என்கிற ஒரே காரணத்துக்காக அவருடைய ஜனநாயக உரிமையைப் பறிக்கலாமா? உயிரோடிருந்த தஞ்சாவூர் நம்மைக் கைவிட்டது. உயிரோடிருந்த மதுரை கைவிட்டது. நம்மை மறக்காதவர் அவர் ஒருவர்தான். இந்தக் கட்சி யாரால் உயிரோடிருக்கிறதோ, அவரைச் செத்தவர் என்று சொல்ல இந்தக் கட்சிக்கு வாய் வராது."

சுவரிலிருந்த படங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வோட்டுச் சாவடியில் இருந்த அதிகாரி சண்முகசுந்தரம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் வீடு சைதாப்பேட்டை. தேடிப் போனேன். வந்தவளிடம் புருஷன் பெயர் கேட்டாராம். அவள் சொல்லவில்லையாம், தலையைக் குனிந்துகொண்டாளாம். "அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆள்மாறாட்டக்காரியாக இருந்தால் டக்கென்று பெயரைச் சொல்லியிருப்பாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூசுகிறவள்தான் உண்மையான சம்சாரம்" என்றார்.

நான் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். முக்காடு போட்டிருந்தாள் என்றார். இளைத்திருந்தாளா என்று கேட்டேன். அது சர்க்கார் கேட்கும் விவரத்தில் இல்லை என்றார். கிளம்பி வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டு, பேப்பரை வாங்கும்போது கை நடுங்கியது என்றார்.

அதோடு என் தூக்கம் போயிற்று. மண்மேட்டைத்தான் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லையே. காலராவில் பிழைத்தவர்களும் உண்டே. இத்தனை வருஷம் எங்கேயோ இருந்துவிட்டு, வோட்டுக்கு மட்டும் வந்து, எனக்கும் வேறொருத்திக்கும் ஓலை வாசித்ததைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போயிருந்தால்? செங்கல் சுமக்கும்போது பின்னால் சித்தாள் பெண்களின் காலடி கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். மேஸ்திரி திட்டுவார். கடற்கரையில் மீன் வாங்கும் கூட்டத்தில் எந்த முக்காட்டைப் பார்த்தாலும் சுற்றிக்கொண்டு முன்னால் போய் முகத்தைப் பார்ப்பேன். பட்டினப்பாக்கத்து மீன்காரி ஒருத்தி அதற்காக என்மேல் தண்ணீரை வீசினாள்.

வால்டர் மனுப்போட்டார். விசாரணைக்கு ஒரு கமிஷனர் வந்தார். ஆடி மாதம், சைதாப்பேட்டைக் கோர்ட்டுக் கட்டடத்தில் ஓர் அறை. நான்தான் முக்கிய சாட்சி. விசாரணைக்கு முந்தின சாயங்காலம் நோரா வேலை செய்யும் பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும், அவள் செத்துப்போனாள் என்று சத்தியம் செய்துவிடுவேன், வோட்டுப் போட்டவளைப் பிடித்து உள்ளே போடாமல் விடமாட்டேன் என்று வால்டரும் சொல்லியிருக்கிறார் என்றேன்.

நோரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

"அது நான்தான்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"டீச்சரம்மா ஜட்காவ சந்துல நிறுத்திக்கினு சீட்டைப் பாத்துப் பாத்துக் கூப்டாங்க. ஆம்ப்ரோஸ் சம்சாரம் யாரு, ஆம்ப்ரோஸ் சம்சாரம் யாருன்னு. எல்லாப் பொம்பளைங்களும் என்னைப் பாத்துச் சிரிச்சாளுங்க. தேவானை முதுவுல குத்தி ஏறுடின்னா. ரெண்டு ஓலை வாசிச்சாச்சே, என் பேரு சீட்டுல ஏறிட்டுக்கீது போலன்னு நெனச்சேன். கோயில்ல அத்தினி பேர் முன்னால வாசிச்சதாச்சே."

"அங்க பேரு கேக்கலையா?"

"என்னை எங்க கேட்டாங்க? டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க. புருஷன் பேரு கேட்டாரு, எனக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம் அந்தாளு ஃப்ளோரான்னு படிச்சாரு. அப்பத்தான் உடம்பு ஜில்லுன்னு ஆச்சு. அதுக்குள்ள கையில பேப்பர் வந்துட்டுது."

கையில் ஒட்டிய செதிலை முந்தானையில் துடைத்தாள். ஆற்றுக் காற்று வீசியது.

"நீலப் பெட்டியிலதான் போட்டேன். மாதா முக்காட்டு நீலம். செவப்பு எனக்குப் பயமா இருந்திச்சு."

வால்டர் ரத்து செய்யச் சொல்லிப் போராடுவது தம் வோட்டைத்தான். லியோனார்ட் காப்பாற்றத் துடிப்பதும் வால்டருடைய வோட்டைத்தான். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஃப்ளோரா வரவில்லை என்பது மட்டும்தான் மனதில் நின்றது. செங்கல்பட்டு மேட்டில் போட்ட மண்ணை அன்றைக்குத்தான் உண்மையில் போட்டதுபோல இருந்தது.

"என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களா?" என்று நோரா கேட்டாள். "அந்த டீச்சரம்மாவ ஒண்ணும் பண்ண மாட்டாங்க இல்ல?"

மறுநாள் போனேன். ஐரின் டீச்சர் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்து, ஃப்ளோரா அம்மாளைத் தாமே கைபிடித்து ஜட்காவில் ஏற்றியதாகச் சொன்னார். பின் பெஞ்சில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த நோராவை இரண்டு முறை பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. வோட்டு நாளில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்தார். சண்முகசுந்தரம் புருஷன் பெயர் கதையைச் சொன்னார். கமிஷனர் ஆழ்ந்து யோசித்து, இது நம் பண்பாட்டில் ஊறிய சாட்சி என்று குறித்துக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பைபிள்மேல் கை வைத்தேன். என் மனைவி உயிரோடிருக்கிறாளா என்று கமிஷனர் கேட்டார். வால்டர் எனக்குத் தலையசைத்து உற்சாகம் கொடுத்தார். இல்லை என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் வந்தவள் யார் என்பது.

"உயிரோடதான் கீறாங்க" என்றேன்.

வால்டரின் தலை அசைந்தபடியே நின்றது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று கமிஷனர் கேட்டார்.

"வோட்டுப் போட்டாங்க. போய்ட்டாங்க."

"எங்கே?"

"சொல்லிக்கினு போவலைங்க."

கமிஷனருக்கு அது போதுமானதாக இருந்தது. வோட்டுப் போட்ட பிறகு வாக்காளர் எங்கே போகிறார் என்று விசாரிக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பில் எழுதினார். ஒரு வோட்டு வித்தியாசம் மாகாணத்தின் உள்ளக்கிடக்கையைத் தெளிவாகக் காட்டுகிறது என்றும் எழுதினார். லியோனார்ட் தம் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

ஆவணி பிறப்பதற்குள் பழைய கட்சி ஒருமனதாகப் புதுக் கட்சியில் சேர்ந்துவிட்டது. ஒருவர்தான் இருந்தார் என்பதால் ஒருமனதுக்குச் சிரமம் இல்லை. தியாகராய நகரில் பெரிய கூட்டம் போட்டார்கள். லியோனார்டும் வால்டரும் கைகோத்து நின்றார்கள். மாகாணம் தம்மை எங்கே அழைத்ததோ அங்கே வந்திருப்பதாக லியோனார்ட் சொன்னார். நாற்காலி தூக்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் வால்டரைப் பார்த்து, இப்போது யாருக்கும் நஷ்டம் இல்லையே, ஃப்ளோரா செத்துப்போனாள் என்று ஒரு வரி எழுதித் தரக்கூடாதா என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏனப்பா, நம் கட்சிக்காரர் நியாயமாக ஜெயித்த வோட்டின்மேல் களங்கம் சுமத்துகிறாயா என்றார். பொய்ச்சத்தியத்துக்கு எத்தனை வருஷம் என்பதையும் சொன்னார்.

சாமியார் ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளைக் கண்டால் கோயிலுக்குக் கூட்டிவா என்றார்.

சந்துப் பெண்களுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். விசாரணை சமயத்தில் போலீஸ் வந்து கேட்டபோது, நோராவைக் காப்பாற்ற, ஆமாம் ஃப்ளோராவைப் பார்த்தோம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் காப்பாற்ற அப்புறமும் சொல்லவேண்டியிருந்தது. தேவானை அவளைச் சந்தையில் பார்த்தாள், பச்சைச் சேலை கட்டியிருந்தாள். பேச்சியம்மாள் குழாயடியில் பார்த்தாள், பேசவில்லையாம். முதலில் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்கள். இப்போது சிமிட்டுவதில்லை. போன வாரம் தேவானை ஓடிவந்து, கோயில் மதிலோரம் நிற்கிறாள் என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நான் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மதில் ஈரமாக இருந்தது.

நோராவை யாரும் ஆம்ப்ரோஸ் சம்சாரம் என்று கேலி செய்வதில்லை. உயிரோடிருக்கிறவள் புருஷனுக்குச் சோறு கொண்டுபோகிறாயே என்று கிழவிகள் கேட்கிறார்களாம்.

வேலைக்குப் போகும்போது நான் கதவைப் பூட்டுவதில்லை, சும்மா சாத்திவிட்டுப் போகிறேன். நோரா ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இப்டிப் போட்டுட்டுப் போறியே, எவனாச்சும் பூந்துட்டா இன்னாய்யா பண்ணுவே?"

"சத்தியம் பண்ணிட்டேனே. பூட்டிக்கினு போயி, அவ வந்துட்டா? அவகிட்ட சாவி கெடையாது."

நோரா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவிடுக்கு வழியாக உள்ளே பார்த்தபடி நின்றாள். பிறகு கொண்டுவந்த குழம்புச் சட்டியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, உள்ளே இருப்பவளுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நடந்தாள்.